வெந்நீருக்கு ஆகும் மின்செலவு

மார்கழி, தை மாதங்களில் ஃபேன் ஓடுவதில்லை. ஆனாலும் பல வீடுகளில் மின்கட்டணம் கூடிவிடுகிறது. காரணம் தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, குளியலறை வாளியில் தொங்கும் ஹீட்டர் ராடைத்தான்.

20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் தினமும் 2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டையும் வெந்நீரே விழுங்கிவிடும்.

மொட்டைமாடித் தொட்டியில் இரவெல்லாம் பனியில் கிடந்த தண்ணீர்தான் இப்படிச் சில்லிட்டுப் போகிறது. போர்வெல்லிலிருந்து அப்போதே வரும் தண்ணீர் அப்படியில்லை. விடியற்காலையில் பாசனத்துக்கு மோட்டார் போடுபவர்களுக்கு இது தெரியும். குழாயில் விழும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். அது 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால், இன்னும் 12 டிகிரி ஏற்றினால் போதும். ஒரு வாளிக்கு 0.3 யூனிட்டுக்குள் வேலை முடிந்துவிடும். மாலையில் தொட்டி நிரப்பும் வழக்கத்தைக் காலைக்கு மாற்றி, மோட்டார் ஓடும்போதே குளிக்கும் தண்ணீரை வாளியில் பிடித்துக்கொள்ளலாம். சோலார் ஹீட்டர் வாங்க யோசிப்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டியது இது, செலவே கிடையாது.

வயலிலிருந்து வந்து மாலையில் குளிப்பவர்களுக்கு ராடே தேவைப்படாது. கறுப்பு டிரம்மில் காலையிலேயே தண்ணீர் நிரப்பி, மூடி, நல்ல வெயில் படும் இடத்தில் வைத்தால் போதும்.

விறகடுப்பில் சுடவைப்பவர்கள் அண்டாவை மூடிவைக்க வேண்டும். ஈர விறகு எரிந்தால் சூட்டில் ஒரு பகுதி அந்த ஈரத்தை விரட்டவே போய்விடும், புகையும் கூடும். தென்னை மட்டை, கொட்டாங்குச்சியை மழைக்கு முன்பே கொட்டகையில் சேர்த்துவிடுவது நல்லது.

1500 வாட் ராட் 20 நிமிடத்தில் அரை யூனிட் இழுக்கும். மறந்து இன்னும் 10 நிமிடம் விட்டால் கால் யூனிட் வீண். அப்புறம் அதில் பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவ வேண்டியிருக்கும்.

செலவைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. சூடாகிவிட்டதா என்று தண்ணீரில் விரல் விட்டுப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும். எவர்சில்வர் வாளியைத் தவிர்க்கவும். பிளாஸ்டிக் வாளியிலும் ராட் பக்கவாட்டில் படக்கூடாது. பழைய வீடுகளில் எர்த் கம்பி அறுந்து கிடப்பது வெளியே தெரியாது. குளிர் தொடங்குமுன் எலெக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சோதித்துவிடுங்கள்.