புள்ளிகளாகிப்போன தாடி

மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் குதிரை கி.மு. 356-இல் ஒலிம்பிக் பந்தயத்தில் ஜெயித்தது. சும்மா இருப்பாரா மன்னர்? வெள்ளிக் காசில் அடித்து ஊருக்கெல்லாம் காட்டினார். ஒரு பக்கம் இலைமாலை சூடிய ஜீயஸின் தலை. மறுபக்கம் பேரீச்ச மட்டையை ஏந்தியபடி குதிரைமேல் ஓர் இளைஞன். எடை சுமார் 14 கிராம். கூலிக்குப் போர் செய்யப் போனவர்கள் வழியாகவும் வணிகத்தின் வழியாகவும் இந்தக் காசு டான்யூப் நதிக்கரைக் கெல்ட் மக்களின் கைக்கு வந்தது. பிறகு அவர்களே அதைப் பார்த்து அடிக்கத் தொடங்கினார்கள்.

முதல் நகல்களில் ஜீயஸ் ஜீயஸாகவே இருக்கிறார். ஆனால் அடுத்து அச்சு செதுக்கியவன் பார்த்தது அசலை அல்ல, நகலை. அவனுக்கு அடுத்தவன், நகலின் நகலை. போகப்போகத் தாடி புள்ளி வரிசையானது, தலைமுடி சுருள் கோடுகளானது, கண் ஒரு வட்டத்தில் அடங்கிப்போனது. குதிரையின் கால் மூட்டுகள் உருண்டை மணிகள். மணிக்கு மணி ஒரு கோடு. அதன்மேல் இருந்தவன் பாடுதான் பரிதாபம். சில காசுகளில் இடுப்புக்கு மேல் மட்டும் முதுகில் மிதக்கிறான். சிலவற்றில் ஆளே இல்லை, குதிரை தனியாக ஓடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் இதைச் சீரழிவு என்றார்கள். பிலிப்பின் தங்கக் காசு பிரிட்டனுக்குப் போய் எப்படி உருக்குலைந்தது என்று ஜான் எவன்ஸ் 1864-இல் வெளியிட்ட நூலில் படிப்படியாகக் காட்டினார். வரிசை சரிதான், தீர்ப்புதான் இடிக்கிறது. 1929-இல், பாரிஸில் தேசிய நூலகத்தின் நாணயப் பிரிவில் வேலை பார்த்த ஜார்ஜ் பத்தாய் இதே போன்ற கெல்ட் குதிரைகளைத் தலைகீழாகப் படித்தார்: கிரேக்க ஒழுங்கை மீறும் கற்பனை என்றார். நவீன ஓவியம் பார்த்துப் பழகிய கண் அது. நான் பத்தாய் கட்சி. வாள் உறையிலும் வெண்கல ஆபரணத்திலும் அத்தனை நுட்பமாகச் சுருள் செதுக்கிய மக்களுக்குக் குதிரைக் கால் வரையத் தெரியவில்லை என்றால் யார் நம்புவது?

இன்றைய பிராட்டிஸ்லாவா இருக்கும் இடத்தில் கி.மு. முதல் நூற்றாண்டில் கெல்ட் மக்கள் அடித்த பெரிய வெள்ளிக் காசுகளில் லத்தீன் எழுத்தில் 'பியாடெக்' என்று ஒரு பெயர் இருக்கும். பார்த்து அடிக்கும் பழக்கம் அப்போதும் விடவில்லை. அவற்றில் சிலவற்றின் தலைகள் ரோமானிய தினாரைப் பார்த்துச் செதுக்கியவை. அசல்தான் கிரேக்கத்திலிருந்து ரோமுக்கு மாறிவிட்டது. 1993-இல் தனி நாடான ஸ்லோவாகியா, தன் ஐந்து கொருனா காசில் இந்தப் பியாடெக் காசின் குதிரை வீரனைப் பொறித்தது. நகல் என்று ஏளனம் செய்யப்பட்ட மரபுக்கே ஒரு நகல்!

ஆனால் வெள்ளி போய்விட்டது. நிக்கல் பூசிய எஃகு. கெல்ட் பட்டறையில் சுத்தியல் அடிக்கு அச்சு கொஞ்சம் விலகும், தகடு சிறியதாக இருந்தால் குதிரையின் தலையோ வாலோ வெளியே நின்றுவிடும். அதனால் ஒரு காசு போல இன்னொன்று இருக்காது. கொருனாவில் எல்லாக் குதிரையும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி நின்றது. 2009-இல் யூரோ வந்தது. ஐந்து கொருனாவை மாற்றிக்கொள்ள 2013 முடியும்வரை அவகாசம் கொடுத்தார்கள். பழைய பியாடெக் காசுக்குக் கெடு எதுவும் இல்லை. ஏலத்தில் இன்றும் அது தன் வெள்ளியின் மதிப்பைப் போலப் பல மடங்கு விலை போகிறது.