கூத்துமாடத்துக்குப் பின்னால் வாங்க!

செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் காட்டாமல் என் பின்னாலேயே வாங்க. முன்னால் உட்கார்ந்து நிழலைப் பார்ப்பது யாருக்கும் வாய்க்கும். நாம் பார்க்கப் போவது பின்பக்கம்!

கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறி, சித்தூர், பாலக்காடு, ஒற்றப்பாலம் என்று மாறி மாறிப் போனால் எங்கள் பாலக்காடு மாவட்டத்தின் மேற்குக் கோடி. பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கும் சீமை அது.

கூத்து நடக்கும் மேடையான கூத்துமாடத்துக்குள் வந்துவிட்டோம். சுமார் 42 அடி நீளத் திரை. அதன் பின்னால், தேங்காய் மூடிகளில் எண்ணெய் விட்டு ஏற்றிய 21 விளக்குகள் வரிசையாக. அப்பா, என்ன வெக்கை! இப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மலையாளக் கரையில், நடுச்சாமத்தில், கம்பராமாயணம்! பாட்டு தமிழில்தான். கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

திரை ஓரமாக முன்பக்கம் பாருங்கள். பல இரவுகளில் அங்கே ஓர் ஆள்கூட இருக்காது. தாரிகன் என்ற அசுரனோடு போரிடப் போனதால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக நடக்கும் கூத்து இது என்பது ஐதீகம். அம்மன் பார்க்கிறாள், போதும். கைதட்ட ஆளில்லாத இடத்தில், பாவை ஆட்டும் ஒரு புலவருக்குப் பக்கத்துப் புலவர்தான் சபை. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர் 1996-இல் வெளிவந்த தம் நூலில் இந்தக் கூத்தின் உள்பக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார்.

அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரு புலவர்களைத்தான் உங்களுக்குக் காட்ட வந்தேன். ஒருவர் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிக்கிறார். மற்றவர் வாக்கியம் முடியும் இடத்தில் நீளமாக ஒரு ‘ஆ’ இழுக்கிறார். இவருடைய பாவை கை உயர்த்தினால் அவருடைய பாவை நிமிர்கிறது. கண்ஜாடை இல்லை, தொட்டுச் சொல்வதும் இல்லை. இரண்டு உடம்பும் ஒரே மூச்சில் ஓடுகின்றன!

இப்படி இருவர் அசைவு ஒத்துப்போவதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஃபேபியன் ராம்சேயர், வோல்ஃப்காங் சாக்கர் இருவரும், மனநல சிகிச்சையில் சிகிச்சையாளரும் நோயாளியுமாகப் பேசிக்கொள்ளும் 70 ஜோடிகளின் 104 அமர்வுகளை வீடியோவில் வைத்து, யார் எப்போது அசைகிறார் என்று கணினியால் கணக்கெடுத்தார்கள். 2011-இல் முடிவு வந்தது: அசைவு ஒத்துப்போன இடங்களில் உறவும் நன்றாக இருந்தது, பலனும் கூடுதலாக இருந்தது. பிறகு அலுவலக கோச்சிங் அமர்வுகளுக்கும் இந்த அளவை போனது. கோச்சும் பயிற்சி பெறுபவரும் சேர்ந்து அசைகிறார்களா என்று பார்க்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு சண்டை உண்டு. எதிரே இருப்பவர் கை கட்டினால் நீயும் கட்டு, அவர் சாய்ந்தால் நீயும் சாய் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். அது நடிப்பு. இந்தப் புலவர்களைப் பாருங்கள்: ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அபூர்வம். இருவர் கண்ணும் திரையில். வேலை ஒன்று, அதனால் அசைவும் ஒன்றாகிறது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் புதுப் பையனுக்கு வேலை பழக்கும் மேஸ்திரிகளுக்கு நான் சொல்வதும் இதுதான்: மேசைக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள், மெஷின் பக்கத்தில் தோளோடு தோள் நில்லுங்கள்.

புலவர் ஆவதும் இப்படித்தான். ஆண்டுக்கணக்கில் பாட்டை நெட்டுரு செய்து, மூத்தவர் பக்கத்தில் பாவை பிடித்துப் பிடித்துக் கை பழக வேண்டும். ஷொறணூர் அருகே கூனத்தறையில் கிருஷ்ணன்குட்டிப் புலவர் அப்படித் தம் பிள்ளைகளைப் பழக்கினார். மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் மகள் ரஜிதா பெண்கள் மட்டுமே ஆடும் பாவைக்கூத்துக் குழுவை நடத்துகிறார். ஆண்களே நின்ற திரைக்குப் பின்னால் இப்போது பெண்கள்! இதை எழுதும்போதே துள்ளத் தோன்றுகிறது.

ஜனவரி தொடங்கி மே வரை கூத்துக் காலம். கம்பனைப் படித்தவர்கள் யாராக இருந்தாலும் ஓர் இரவு வாருங்கள். முன்வரிசையில் இடம் நிறைய இருக்கும். பெரியவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு பின்பக்கமும் கட்டாயம் பாருங்கள்.