இலை எடுத்த பிறகு வந்த பாயசம்

மாட்டுங்காவில் ஐம்பது வருஷமாகக் குடியிருக்கும் சைவக் குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு வயது 78. காலையில் கிங்ஸ் சர்க்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து காப்பி குடித்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். சென்ற வருஷம் நடையை நிறுத்திவிட்டார். "காலில் செருப்பு இருக்கா, கழன்று போச்சா என்றே தெரியலைடா" என்றார். 12 வருஷமாகச் சர்க்கரை வியாதி. அதன் கோளாறுதான் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

பிறகு பார்த்த ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பி-12 வைட்டமின் மிகக் குறைவு. ஹோமோசிஸ்டைன் மிக அதிகம்!

அதென்ன ஹோமோசிஸ்டைன்? பருப்பு, பால் முதலியவற்றின் புரதத்தில் மெதியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. உடல் அதைச் செலவழிக்கும்போது நடுவில் உண்டாவது இது. பி-12, ஃபோலிக் அமிலம் இரண்டும் இருந்தால் மறுபடி மெதியோனினாக மாறிவிடும். இல்லாவிட்டால் ரத்தத்தில் தேங்கும். இது ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது என்று அமெரிக்க டாக்டர் கில்மர் மெக்கல்லி 1969-ல் எழுதினார். பின்னாளில் வைட்டமின் கொடுத்து இதன் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள்; மாரடைப்பு குறையவில்லை. ஆனால் பி-12 குறைந்தால் நரம்பு கெடும் என்பதில் சந்தேகமில்லை.

பி-12-ஐச் செடியும் செய்யாது, மாடும் செய்யாது, நுண்ணுயிர்களே செய்கின்றன. நம் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களும் செய்கின்றன. ஆனால் அதை உறிஞ்சும் இடமோ அதற்கு முன்னால், சிறுகுடலின் கடைசியில் இருக்கிறது. இலை எடுத்த பிறகு பாயசம் வந்து என்ன பயன்? சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் கதி. போதாததற்கு, சர்க்கரைக்கு அப்பா சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையும் பி-12 உடலில் சேர்வதைக் குறைக்கிறது.

ஃபோலிக் அமிலத்தின் கதை நம் பக்கத்துப் பரேலைச் சேர்ந்தது. 1928-ல் இந்தியா வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர், ஹாஃப்கின் நிலையத்திலிருந்து பம்பாய்க் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்துவதை 1931-ல் வெளியிட்டார். அதிலிருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம். ஆனால் பி-12 குறைந்தவருக்கு இதை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை மறையும். நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

அப்பாவுக்கு ஊசி போட்டார்கள். மரத்துப்போனது முழுவதும் தீரவில்லை. இருந்தாலும் இப்போது பாதிச் சுற்று நடக்கிறார். முன்னமே பார்த்திருந்தால் முழுச் சுற்றும் நடந்திருப்பாரோ என்னவோ!

உங்கள் வீட்டுப் பெரியவர் கால் மரத்துப்போகிறது என்றால், வயசு, சர்க்கரை என்று விட்டுவிடாதீர்கள். பி-12 பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.