தண்ணிக்கு 'பானி', மனுசனுக்கு 'மனுஷ்' – இந்தியாவில் அல்ல, ஐரோப்பாவில்!



நம்ம நூலகத்தில் அட்டை கிழிந்த பெரிய ஆங்கில அகராதி ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு சொல்லும் எந்த மொழியிலிருந்து வந்தது என்று கடைசியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பேனா நண்பரை ஆங்கிலத்தில் 'பென் பேல்' என்கிறோமே, அந்தப் 'பேல்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். 'ரோமானி மொழி, சகோதரன்' என்று இருந்தது. ரோமானியில் சகோதரனுக்கு 'ப்ரால்'. சம்ஸ்கிருத 'ப்ராதா'வுக்கு உறவு. அட, இங்கிலாந்துக்காரன் தன் சிநேகிதனைக் கூப்பிடுவது இந்தியாவிலிருந்து நடந்தே போன ஒரு சொல்லாலா!

அன்றிலிருந்து இந்த ரோமானியைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோமானி வேறு, ருமேனியா நாட்டு மொழி வேறு, ரோம் நகரமும் வேறு. 'ரோம்' என்றால் அவர்கள் மொழியில் ஆள், கணவன் என்று அர்த்தம். உலகம் அவர்களை 'ஜிப்ஸி' என்கிறது. 1400-களில் மேற்கு ஐரோப்பாவுக்கு வந்தபோது 'சிறிய எகிப்திலிருந்து வருகிறோம்' என்று சொன்னார்களாம். 'எகிப்தியன்' என்பது தேய்ந்து 'ஜிப்ஸி' ஆனது. ஆக, அந்தப் பெயரே தப்பான முகவரி. நம்ம ஊரில் அது ஜீப் வண்டியின் பெயர், கேட்க ஜாலியாக இருக்கும். ஆனால் அந்த மக்களில் பலருக்கு அது வசவு போலக் கேட்கிறது. அதனால் நான் ரோமா என்றே எழுதுகிறேன்.

இப்போது கொஞ்சம் சொற்களைப் பாருங்கள். தண்ணீர் – பானி. மூக்கு – நாக். காது – கான். பல் – தந்த் (நம்ம யானைத் தந்தம்!). உப்பு – லோன் (லவணம்). கத்தி – சுரி. சூரிக்கத்தி ஞாபகம் வருகிறதா? திராட்சை – த்ராக். கிராமம் – காவ். மனிதன் – மனுஷ். ரொம்ப அழகானது எது தெரியுமா? ரோமாக்கள் கிறிஸ்தவ நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததும் சிலுவைக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. கையில் இருந்ததையே வைத்துக்கொண்டார்கள். சிலுவை – த்ருஷுல். ஆமாம், திரிசூலம்தான். பாதிரியார் – ரஷாய், அதாவது ரிஷி.

(எங்க வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். இந்தப் பட்டியலைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். பானி, நாக், கான் வரைக்கும் கேட்டுவிட்டு, "இது நம்ம பேச்சுதானே, இதை ஏண்டா புஸ்தகத்துல பார்த்துப் படிக்கிறே?" என்றார். குஜராத் பக்கத்திலிருந்து தெற்கே வந்த மொழிக்கும் ஐரோப்பாவுக்குப் போன மொழிக்கும் சொந்தம் இருக்கத்தானே செய்யும்.)

அடுத்து எண்களைப் பார்ப்போம். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த பகுதி. யெக், துய், த்ரின், ஷ்டார், பஞ்ச், ஷோவ். இது வரைக்கும் ஹிந்தி தெரிந்தவர்கள் தலையாட்டிக்கொண்டே வரலாம். ஏழு? எஃப்தா. எட்டு? ஒக்தோ. ஒன்பது? எனியா. இந்த மூன்றும் கிரேக்கம்! பத்து வந்ததும் மறுபடி 'தேஷ்' என்று இந்தியாவுக்குத் திரும்பிவிடுகிறது.

ரோமாக்கள் எப்போது கிளம்பினார்கள், ஏன் கிளம்பினார்கள் என்று அவர்களே எழுதி வைத்த குறிப்பு ஒன்றும் கிடையாது. ராஜா காலக் கல்வெட்டும் இல்லை. அதனால் அவர்கள் பேச்சையே கல்வெட்டு மாதிரி படிக்கிறார்கள் மொழியியல் அறிஞர்கள். ஒரு ஊரில் தங்கினால் அந்த ஊர்ச் சொல் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் இல்லையா? அதிர்ஷ்டத்துக்கு 'பக்த்' – பாரசீகம். குதிரைக்கு 'க்ராஸ்த்' – ஆர்மேனியம். சாலைக்கு 'த்ரோம்', ஊருக்கு 'ஃபோரோஸ்', குதிரை லாடத்துக்கு 'பெத்தலோ' – எல்லாம் கிரேக்கம். அரபுச் சொற்கள் ரொம்பக் குறைவு. ஆகவே பாரசீகம், ஆர்மேனியா வழியாக வந்து, கிரேக்கம் பேசிய பைசாந்தியப் பேரரசில் நீண்ட காலம் தங்கி, பிறகு பால்கன் நாடுகளுக்குப் போயிருக்கிறார்கள் என்று வழியைக் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். 1427-ல் பாரிஸ் நகருக்கு வெளியே ரோமாக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியதை அந்த ஊர்க்காரர் ஒருவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இந்தியாவில் எந்தப் பகுதி என்பதற்கும் சொற்களிலேயே தடயம் இருக்கிறது. ஹிந்தியில் மூன்று 'தீன்', ரோமானியில் 'த்ரின்'. அந்த 'த்ர' ஒலியை ரோமானி விடாமல் வைத்திருக்கிறது. த்ராக்கிலும் அதே கதை. ரால்ஃப் டர்னர் என்ற ஆங்கில அறிஞர் 1926-ல் இதை அலசினார். ரோமானியின் அடிப்படை மத்திய இந்திய மொழிகளோடு ஒத்துப்போகிறது, ஆனால் அங்கே மறைந்துபோன பழைய ஒலிகள் சில ரோமானியில் அப்படியே இருக்கின்றன, அப்படிப்பட்ட ஒலிகள் மறையாமல் இருந்தது வடமேற்கில்தான் என்றார். அதாவது மத்திய இந்தியாவிலிருந்து சீக்கிரமே கிளம்பி, வடமேற்கில் நெடுநாள் தங்கி, அப்புறம் வெளியே போயிருக்கிறார்கள். 2012-ல் வந்த மரபணு ஆய்வும், சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியா என்றே கை காட்டியது.

இந்த இந்திய உறவை முதலில் ஒழுங்காக எடுத்துக்காட்டியவர் யோகான் ரூடிகர். ஜெர்மனியில் ஹாலே என்ற ஊர்க்காரர். (தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்து தமிழில் அச்சுப் புத்தகம் போட்ட சீகன்பால்கு படித்ததும் அதே ஹாலேதான்.) பார்பரா மாகெலின் என்ற ரோமானி பேசும் பெண்ணிடம் வாக்கியம் வாக்கியமாகக் கேட்டு, ஹிந்துஸ்தானியோடு ஒப்பிட்டு 1782-ல் வெளியிட்டார். அதோடு நிற்கவில்லை. இந்த மக்களை நடத்துகிற விதம் நம்ம நூற்றாண்டுக்கே வெட்கம் என்கிற மாதிரியும் எழுதினார்.

யார் கேட்டார்கள்? மறு வருஷமே, 1783-ல், இரண்டு ராஜாக்கள் ரோமானி மேல் பாய்ந்தார்கள். ஸ்பெயினில் மூன்றாம் கார்லோஸ் அந்த மொழியையும் உடையையும் தடை செய்தார். ஆஸ்திரியாவில் இரண்டாம் ஜோசப், ரோமானி பேசினால் 24 பிரம்படி என்றார். அவருடைய அம்மா மரியா தெரேசா அதற்கு முன்பே, 'இனிமேல் நீங்கள் ஜிப்ஸி அல்ல, புதிய ஹங்கேரியர்' என்று பெயரை மாற்றி, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு வீடுகளில் வளர்க்க உத்தரவு போட்டவர். மால்தாவியா, வலாக்கியா பக்கம் (இன்றைய ருமேனியா) இன்னும் மோசம். அங்கே ரோமாக்கள் சுமார் 500 வருஷம் அடிமைகள், வாங்கலாம், விற்கலாம். 1855, 1856-ல்தான் அது முடிந்தது.

தடை போட்டால் மொழி செத்துவிடுமா? ஸ்பெயினில் பாதி செத்தது. அங்கே இப்போது இருப்பது 'காலோ'. வாக்கியமெல்லாம் ஸ்பானிஷ் இலக்கணம், நடுநடுவே ரோமானிச் சொல். நாம 'மார்னிங் ஸ்கூலுக்கு லேட்டாப் போனேன்' என்று பேசுகிறோமே, அதில் வார்த்தை பாதி ஆங்கிலம், எலும்புக்கூடு தமிழ். அங்கே எலும்புக்கூடே போய்விட்டது, வார்த்தைகள் மட்டும் மிச்சம். இங்கிலாந்திலும் இதே நிலைமை. கிழக்கு ஐரோப்பாவில் மொழி முழுசாகத் தப்பித்திருக்கிறது. பேசுபவர்கள் 35 லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். ஐரோப்பாவில் ரோமாக்கள் மொத்தம் ஒரு கோடிக்கு மேல்.

'எப்பவும் வண்டியிலேயே சுற்றிக்கொண்டிருப்பார்களா?' என்று என் பக்கத்து பெஞ்சு நண்பன் கேட்டான். இல்லை. இன்றைக்குப் பெரும்பாலோர் ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள். அலைச்சல் இருந்த காலத்தில் தொழிலே கூட்டத்துக்குப் பெயர் ஆனது. கல்டெராஷ் என்றால் செம்புப் பாத்திரம் செய்பவர், லோவாரி குதிரை வியாபாரி, உர்சாரி கரடி ஆட்டுபவர். பிரான்ஸ் பக்கத்துக் கூட்டத்துக்குப் பெயர் 'மனுஷ்' என்றே! ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிடார் மேதை அவர்களில் ஒருவர். 1928-ல் வண்டி தீப்பிடித்து இடது கையில் இரண்டு விரல் கோணிப்போன பிறகும், மிச்ச விரல்களால் புது பாணியையே உண்டாக்கினார். பல கூட்டங்களில் தீட்டு, மடி எல்லாம் கடுமையாக உண்டு. இடுப்புக்கு மேல் உடுத்தும் துணியையும் கீழ் உடுத்தும் துணியையும் ஒரே பாத்திரத்தில் துவைக்க மாட்டார்கள். எங்க பாட்டி கேட்டால் இதற்கும் தலையாட்டுவார்! பிரிந்து போன சொந்தக்காரர்களுக்கு வழி காட்ட, முச்சந்தியில் இலையும் குச்சியும் வைத்துவிட்டுப் போவது இன்னொரு வழக்கம். அதன் பெயர் 'பத்ரின்', அதாவது இலை. நம்ம 'பத்திரிகை' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

நம்ம ஊர் நரிக்குறவர்களும் இவர்களும் ஒன்றா என்றும் கேட்டார்கள். ஒன்றல்ல. நரிக்குறவர்கள் பேசும் வாக்ரிபோலி, குஜராத்தி வகையைச் சேர்ந்த வேறு மொழி. தூரத்துப் பங்காளி என்று வேண்டுமானால் சொல்லலாம். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால்தான் அவர்கள் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் வந்தார்கள்.

இனி நான் எழுதப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஜெர்மனியில் உள்ள ரோமாக்களுக்கு சிந்தி என்று பெயர். அவர்களில் பலர் வெளியாட்களுக்குத் தங்கள் மொழியைச் சொல்லித்தர மாட்டார்கள். அகராதி போடுவதே பிடிக்காது. ஏன் என்று தேடியபோது ஏவா யுஸ்டின் என்ற பெண்ணைப் பற்றித் தெரிந்தது. நாஜி ஆட்சியில் 'இன ஆராய்ச்சி' செய்தவர். ரோமானி பேசுவார். வீடு வீடாகப் போய் அவர்கள் மொழியிலேயே பேசினால் யார் சந்தேகப்படுவார்கள்? தாத்தா பேர், பாட்டி பேர், சித்தப்பா எந்த ஊர் என்று எல்லாவற்றையும் சொன்னார்கள். அந்தக் குறிப்புகள் பிறகு ஆட்களைப் பிடிக்கப் பயன்பட்டன. முல்ஃபிங்கன் என்ற ஊரில் ஒரு குழந்தைகள் இல்லம். பெற்றோரைப் பிடித்துக்கொண்டு போன பிறகு சிந்திப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். யுஸ்டின் தன் டாக்டர் பட்டத்துக்கு அந்தப் பிள்ளைகளை ஆராய்ந்தார். ஆராய்ச்சி முடிந்தது. 1944 மே மாதம் 39 பிள்ளைகளை ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். உயிரோடு திரும்பியது 4 பேர். அதே வருஷம் ஆகஸ்ட் 2 ராத்திரி, அந்த முகாமில் மிச்சமிருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரோமா, சிந்தி மக்களை விஷவாயுவில் கொன்றார்கள். போர் முழுதும் கொல்லப்பட்டவர்கள் இரண்டு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை என்கிறார்கள். யுஸ்டினுக்குத் தண்டனை எதுவும் இல்லை. போருக்குப் பிறகு அரசு வேலையில் குழந்தை மனநல நிபுணராக இருந்தார். இது இனப்படுகொலைதான் என்று மேற்கு ஜெர்மனி ஒப்புக்கொண்டதே 1982-ல்.

இது தெரிந்த பிறகுதான் பபுஷா கதை எனக்குப் புரிந்தது. பபுஷா என்றால் பொம்மை. போலந்து ரோமாப் பெண். எழுதப் படிக்க யாரும் விடவில்லை. கோழியைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு யூதக் கடைக்காரம்மாவிடம் படிக்கக் கற்றுக்கொண்டார். போர்க்காலத்தில் காட்டில் ஒளிந்து தப்பித்தார். ரோமானியில் கவிதை எழுதினார். 1949-ல் யெர்ஸி ஃபிட்சோவ்ஸ்கி என்ற கவிஞர் அவற்றைப் பார்த்துப் போலிஷில் மொழிபெயர்த்தார், புகழ் வந்தது. ஆனால் 1953-ல் ஃபிட்சோவ்ஸ்கி ரோமாக்கள் பற்றிப் புத்தகம் போட்டதும், 'நம் ரகசியத்தை வெளியே சொன்னவள்' என்று பெரியவர்கள் பபுஷாவை விலக்கி வைத்துவிட்டார்கள். எழுதியதில் நிறையத் தீயில் போட்டார். 1987-ல் இறக்கும் வரை அந்த விலக்கு தீரவே இல்லை. அவர் செய்ததில் தப்பு இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அந்தப் பெரியவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை.

மொழியைக் கற்ற இன்னொரு வெளிப்பெண்ணும் உண்டு. மிலேனா ஹியூப்ஷ்மனோவா, செக் நாட்டுக்காரர். கல்லூரியில் ஹிந்தி படித்தவர். மாணவியாக ஒஸ்ட்ராவா பகுதிக்கு வேலைக்குப் போனபோது ரோமாத் தொழிலாளர்கள் பேசுவது பாதி புரிந்ததும் ஆச்சரியப்பட்டு, ஆயுசு முழுக்க அவர்களோடேயே இருந்துவிட்டார். 'உங்க கதையை உங்க மொழியிலேயே எழுதுங்க' என்று ரோமாக்களை எழுத வைத்தார். 1991-ல் பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் ரோமானிக்குத் தனிப் படிப்பும் தொடங்கினார்.

அதே ஒஸ்ட்ராவாவில், 1996-க்கும் 1999-க்கும் இடையில், 18 ரோமாப் பிள்ளைகளை மூளை வளர்ச்சி குறைந்தவர்களுக்கான தனிப் பள்ளியில் போட்டார்கள். பிள்ளைகளைச் சோதித்த பரீட்சை, செக் மொழி பேசும் பெரும்பான்மைப் பிள்ளைகளை மனசில் வைத்துத் தயாரித்தது. வீட்டில் வேறு பேச்சு, வேறு பழக்கம் உள்ள பிள்ளை அதில் எத்தனை மார்க் வாங்கும்? பெற்றோர் விடவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2007 நவம்பர் 13-ல், நீதிபதிகள் 13-க்கு 4 என்ற கணக்கில், இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தார்கள். ஆளுக்கு 4,000 யூரோ நஷ்டஈடு. அதற்குள் அந்தப் பிள்ளைகள் பள்ளி வயதைத் தாண்டிவிட்டார்கள்.

வடக்கு மாசிடோனியாவில் ஷூடோ ஓரிசாரி என்று ஒரு நகராட்சி இருக்கிறது. அங்கே ரோமானி ஆட்சிமொழி. ஆனால் அதே நாட்டில் ரோமாப் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்துப் படிக்க வைத்ததற்கு, 2022 டிசம்பரில் அதே நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

1971 ஏப்ரல் 8-ல் லண்டன் பக்கத்தில் முதல் உலக ரோமா மாநாடு கூடியது. அதன் கொடியில் மேலே நீலம், கீழே பச்சை, நடுவில் சிவப்புச் சக்கரம். நம்ம அசோகச் சக்கரத்துக்கு 24 ஆரம், அதற்கு 16. நவம்பர் 5 உலக ரோமானி மொழி நாள். 2015-ல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது.

கடைசியாக ஒன்று. 'எப்படி இருக்கே?' என்பதற்கு ரோமானியில் 'சார் சான்?'. இதில் 'சார்' என்றால் எப்படி என்று அர்த்தம், நம்ம கணக்கு சார் இல்லை! பதில் 'மிஷ்தோ' – நல்லா இருக்கேன். வராந்தாவில் என்னைப் பார்த்தால் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

– 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு