டிவியில் பேண்ட் பாடுவது நிஜமாகவே ‘லைவ்’தானா? அரக்கோணம் அறிவு முதல் பறை வரை... முழு விளக்கம்

கையில் கிட்டார், பின்னால் டிரம்ஸ், நடுவில் பறை. டிவியில் ஒரு இண்டி பேண்ட் வந்தாலே வீட்டில் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்: “இது நெஜமா பாடுறாங்களா, இல்ல வாயசைக்கிறாங்களா?” நியாயமான கேள்விதான்.

தமிழ் சேனல்களில் சினிமா பாட்டுக்குக் கிடைத்த இடம், சொந்தமாகப் பாட்டு எழுதும் பேண்ட்களுக்குக் கிடைத்ததில்லை. விதிவிலக்காக, சன் டிவியில் பேண்ட்களுக்கென்றே ‘ஊ லல லா’ என்ற போட்டி வந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் அதில் பங்கேற்றார். பெங்களூருவின் ‘அகம்’ குழு தமிழ் வீடுகளுக்கு அறிமுகமானது அதன் வழியாகத்தான். அதன் பிறகு பெரும்பாலும் யூடியூப்தான்.

லைவ் என்பதில் எத்தனை வகை?

முழுதாக நேரலை ஒன்று. மியூசிக் டிராக் ஓட, குரல் மட்டும் நேரடியாகப் பாடுவது இன்னொன்று. இரண்டுமே பதிவாக இருந்து, மேடையில் உதடு மட்டும் அசைவது மூன்றாவது. நடுவில் உள்ளதுதான் அதிகம். பேண்ட் என்றால் எட்டுப் பத்துப் பேர். ஒவ்வொரு கருவிக்கும் தனி மைக், தனி லைன் வேண்டும். சோதித்துப் பார்க்கவே மணிக்கணக்கில் ஆகும். நேரலை விழாவில் ஒரு குழுவுக்குக் கிடைப்பதோ சில நிமிடங்கள்.

கண்டுபிடிக்க வழி உண்டு. எலெக்ட்ரிக் கிட்டாரிலிருந்து ஒயரும் இல்லை, இடுப்பில் வயர்லெஸ் பெட்டியும் இல்லை என்றால் சந்தேகப்படலாம். மைக்கை வாயிலிருந்து விலக்கியும் குரல் அப்படியே கேட்டால், சந்தேகமே வேண்டாம்!

மைதானத்தில் அதிருது, டிவியில் ஏன் சப்புனு இருக்கு?

மேடை மைக்கிலிருந்து வரும் ஒலி இரண்டாகப் பிரியும். ஒன்று மைதான ஸ்பீக்கருக்கு; இன்னொன்று ஒளிபரப்பு வேனுக்கு. வேனில் இருப்பவர் தனியாக மிக்ஸ் செய்கிறார். அங்கே சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சமன் செய்வார்கள். போதாக்குறைக்கு, மெல்லிய டிவியின் குட்டி ஸ்பீக்கரில் அடித்தொனி வராது. நெஞ்சில் மோதவேண்டிய அடி, டப்பா தட்டுவதுபோலக் கேட்கும். ஹெட்போன் மாட்டினால் வித்தியாசம் தெரியும்.

பறைக்கு என்ன சிக்கல்?

தோல் என்றால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்பார்கள். ஆனால் அந்தத் தொழிற்சாலைகளில் பதனிடும் தோல் பறைக்கு ஆகாது. பதனிட்டால் தோல் வளைந்து கொடுக்கும். ஷூவுக்கு அதுதான் தேவை. பறைக்கு வேண்டியது பதனிடாமல் காயவைத்த, விறைப்பான பச்சைத் தோல். காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சித் தளர்ந்துவிடும். அதனால்தான் அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டுகிறார்கள். ஏசி போட்ட ஸ்டூடியோவில் வைக்கோலைக் கொளுத்த முடியுமா? செயற்கைத் தோல் போட்ட பறைகள் மேடையேற இதுவும் ஒரு காரணம். சத்தம் நிலையாக இருக்கும். ஆனால் பழைய கணீர் இருக்காது.

இந்தப் பறையையும் கானாவையும் ராக், ராப்போடு சேர்த்தது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய குழு. 2018 ஜனவரி 6-ல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. அதில் பாடிய அறிவு, அரக்கோணத்துக்காரர். அப்போது அது வேலூர் மாவட்டம். 2019-க்குப் பின் ராணிப்பேட்டை.

செஸ் ஒலிம்பியாட் மேடையில் நடந்தது என்ன?

2021 மார்ச்சில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகம் முழுக்கப் பரவியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அறிவு அதில் கொண்டுவந்திருந்தார். 2022 ஜூலை 28, சென்னை நேரு உள்விளையாட்டரங்கம். செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா டிவியில் நேரலை. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டோடு மேடையேறினார்கள். அறிவு இல்லை.

சில நாட்களில் அறிவு இன்ஸ்டாகிராமில் எழுதினார்: மெட்டமைத்தது, எழுதியது, பாடியது எல்லாம் தான்தான் என்று. சந்தோஷ் நாராயணன் மறுத்தார்: இது கூட்டு உழைப்பு, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம், அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்றார். யார் சொல்வது சரி என்று இணையமே இரண்டாகப் பிரிந்தது.

சினிமா பாட்டில் பாடகர் மாறினால் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. பாட்டு படத்துக்குச் சொந்தம். இண்டி பாட்டு அப்படியில்லை. எழுதியவரின் சொந்தக் கதைதான் பாட்டே. நேரலையில் கேமரா யாரைக் காட்டுகிறதோ அவர்தான் கோடிக்கணக்கான பேருக்கு அந்தப் பாட்டின் முகம். கீழே ஓடும் பெயர்ப் பட்டையில் எழுதியவர், மெட்டமைத்தவர் பெயர் வந்ததா என்பதை மட்டும் கொஞ்சம் கவனித்துப் பாருங்க.