வந்து போகும் மின்சாரம்

பழைய புல்லட்டில் லே போகிறவர்களை நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, பார்க்கும்போது மறைந்துகொள்ளும் ஒரு மின்கோளாறு. அதைப் பிடிக்க ஒரு டெயில் லைட் பல்பு போதும்.

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில், சந்திரா, பாகா ஆறுகள் சேரும் இடம் தண்டி. அங்குள்ள பெட்ரோல் பங்க்கின் பலகை பிரசித்தமானது. அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அது அறிவித்ததைப் பல ஆண்டுகளாகப் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பெட்ரோலைக் கேனில் நிரப்பி வண்டியில் கட்டிக்கொள்ளலாம். மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு போக முடியாது.

மணாலியிலிருந்து லே செல்லும் சாலை பனி விலகும் கோடை மாதங்களில்தான் திறந்திருக்கும். 2020இல் அடல் சுரங்கப்பாதை வந்தபின் ரோதாங் கணவாயில் ஏறாமலே லாஹௌலுக்குள் நுழைந்துவிடலாம். ஆனால் அதற்கப்பால் பாராலாச்சா லா, லாச்சுலுங் லா, தாங்லாங் லா என்று கணவாய்கள் அப்படியேதான் இருக்கின்றன. கடைசியில் உள்ளதன் உயரம் 5,300 மீட்டருக்கு மேல். ஜூலையிலும் இரவில் தண்ணீர் உறைகிற அளவுக்குக் குளிரும். வேறொரு வண்டி வரும்வரை சாலையில் யாரும் இல்லை.

இந்தப் பாதையில் இன்றும் வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட்டில் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக வண்டிகளைத் தயார்செய்வது மணாலியின் ஒர்க் ஷாப்புகளுக்கு ஒரு பருவத் தொழில். (புல்லட் பிறந்த திருவொற்றியூருக்குப் பக்கத்தில் இருப்பது மணலி. ஒரு கால் எழுத்துதான் வித்தியாசம்.) கிளட்ச் கேபிள் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். செயின் அறுந்தால் தரையில் கிடக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சட்டென்று செத்துப்போய், ஹெல்மெட்டைக் கழற்றி, கையுறையைக் கழற்றி, ஸ்பேனரைத் தேடி எடுப்பதற்குள் ஒரே உதையில் உயிர்பெற்றுவிட்டால் என்ன செய்வது? மறுபடி ஓடும். நாற்பது கிலோமீட்டர் தாண்டி, லாரியை முந்திக்கொண்டிருக்கும்போது மறுபடி சாகும்.

ஆங்கில மெக்கானிக் புத்தகங்கள் இதற்குச் சொல்லும் பெயரைத் தமிழாக்கப் புதுச்சொல் தேவையில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் சுரத்தை நம் வைத்தியர்கள் முறைக்காய்ச்சல் என்றார்கள். வைத்தியர் வரும் நேரத்தில் உடம்பு குளிர்ந்திருக்கும், நாடி சீராக இருக்கும். நோயாளி பொய் சொல்வதுபோலத் தோன்றும். புல்லட்காரரின் நிலையும் இதுதான். ஒர்க் ஷாப் வாசலில் வண்டி அழகாக ஓடும்.

அடுத்து நடப்பது சூதாட்டம். முதலில் பிளக் மாற்றுவார்கள். பிறகு காயில், பிறகு பேட்டரி. மூன்று உதிரிபாகங்களுக்குப் பணம் கொடுத்தபின், காரணம் பேட்டரி முனையில் தளர்ந்திருந்த ஒரு போல்ட் என்று தெரியவரும். அல்லது தெரியவே வராது. மூன்றையும் மாற்றும்போது கை பட்டு எதுவோ இறுகி, தற்காலிகமாகச் சரியாகியிருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது இந்தத் தொழிலின் பால பாடம். அவசரத்தில் முதலில் மீறப்படுவதும் அதுதான்.

இத்தனைக்கும் பழைய புல்லட்டின் மின்சுற்று மிக எளியது. ராணுவத்தின் தேவையை ஒட்டி 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா தயாரித்த இந்த வண்டியின் அடிப்படை அமைப்பு, வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்ற 2010 வாக்கில்கூடப் பெரிதாக மாறியிருக்கவில்லை. பேட்டரியில் புறப்படும் மின்சாரம் பியூஸ், அம்மீட்டர், சாவி சுவிட்ச் வழியாகக் காயிலுக்கு வருகிறது. அங்கிருந்து பாயின்ட் வழியாக எர்த்துக்குப் போகிறது. எஞ்சின் சுழலும்போது ஒரு சிறு கேம் பாயின்டைத் திறக்கிறது. அந்தக் கணத்தில் காயிலின் காந்தப்புலம் சரிந்து, பல ஆயிரம் வோல்ட் பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. அவ்வளவுதான். ஆனால் இந்தச் சிறிய பாதையில் பத்துப் பன்னிரண்டு இணைப்புகள். 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட ஒற்றை பிஸ்டன் ஒவ்வொரு இணைப்பையும் நாள் முழுக்க உலுக்குகிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது மின்கோளாறுதானா என்பது. சுவிட்சை அணைத்ததுபோல எஞ்சின் நின்றால் பெரும்பாலும் மின்சாரம். இருமி, திணறி, வேகம் குறைந்து நின்றால் பெட்ரோல். இதில் ஏமாற்றும் ஆசாமி பெட்ரோல் டேங்க் மூடி. அதிலுள்ள நுண்ணிய காற்றுத் துளை அடைத்துவிட்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உருவாகி பெட்ரோல் இறங்காது. இருபது நிமிடம் ஓடி நிற்கும், ஐந்து நிமிடம் கழித்துக் கிளம்பும். சூடேறிய காயில் செய்வதும் இதையேதான். வண்டி நின்றதும் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால், ஒயரைத் தொட வேண்டாம். மலைப்பாதைக்கே உரிய இன்னொரு ஏமாற்று உண்டு. 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம். காற்று குறைவதால் பெட்ரோல் விகிதம் கூடி, பிளக் கரிபிடித்து, எஞ்சின் அவ்வப்போது தவறும். பழி காயில் மேல் விழும்.

மின்சாரம்தான் என்று உறுதியானால், புல்லட்டில் நாடி பார்க்க வசதி இருக்கிறது. ஹெட்லைட்டின் மேல் பதித்த அம்மீட்டர்தான் அது. பழைய புல்லட் ஓட்டிகள் டிகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்தி, முள் நடுவுக்கு வருவதைப் பார்த்துவிட்டுத்தான் உதைப்பார்கள். பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரும் சடங்கு அது. அதே சடங்கு நோயையும் சொல்லும். விளக்குகளை அணைத்து, சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல இறக்கினால், பாயின்ட் மூடியிருக்கும்போது முள் செலவுப் பக்கம் சாய வேண்டும், திறந்ததும் நடுவுக்குத் திரும்ப வேண்டும். இப்படி ஆடினால் பேட்டரியிலிருந்து பாயின்ட் வரை பாதை திறந்திருக்கிறது. முள் அசையவே இல்லை, ஹாரனும் ஊமை என்றால் கோளாறு பேட்டரி முனை, பியூஸ், அம்மீட்டர் பக்கம். ஹாரன் அடிக்கிறது, முள் மட்டும் அசையவில்லை என்றால் சாவி சுவிட்சுக்கு அப்பால் தேட வேண்டும். பாயின்ட் முகத்தில் படிந்த எண்ணெய்கூடக் காரணமாக இருக்கலாம். முள் சாய்ந்தே கிடந்து திரும்பவில்லை என்றால், பாயின்ட் திறக்கவில்லை அல்லது கண்டன்ஸர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டது. நவீன வண்டிகளின் டாஷ்போர்டுகளில் எத்தனையோ விளக்குகள் எரிகின்றன. இவ்வளவு நேர்மையாகப் பேசும் கருவி அவற்றில் குறைவு.

ஆனால் நாடி பார்ப்பதற்குள் காய்ச்சல் இறங்கிவிடுமே? அதற்குத்தான் பல்பு. ஒரு டெயில் லைட் பல்பில் இரண்டு நீள ஒயர்களைப் பற்றவைக்க வேண்டும். ஒன்று, காயிலுக்குச் சாவி சுவிட்சிலிருந்து மின்சாரம் வரும் முனைக்கு. மற்றது எர்த்துக்கு. பல்பை ஹேண்டில்பாரில் கண்ணில் படும்படி டேப் சுற்றி ஒட்டிவிட்டு ஓட்ட வேண்டியதுதான். வண்டி சாகும் கணத்தில் பல்பும் அணைந்தால் காயிலுக்கு மின்சாரம் வரவில்லை. பேட்டரி, பியூஸ், சாவி சுவிட்ச், ஒயர் கட்டு இவற்றில் ஒன்று குற்றவாளி. பல்பு எரிந்துகொண்டே எஞ்சின் மட்டும் நின்றால் அந்தப் பாதி முழுவதும் நிரபராதி. காயில், பாயின்ட், கண்டன்ஸர், பிளக் ஆகியவற்றை மட்டும் விசாரித்தால் போதும். ஒரே சவாரியில் சுற்றின் பாதி கழிந்துவிடுகிறது.

மல்டிமீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. இங்கேதான் மீட்டர் காலை வாருகிறது. பல இழைகள் கொண்ட ஒயரில் ஒன்றைத் தவிர மற்றவை அறுந்திருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பூஜ்யம். காயிலோ மூன்று, நான்கு ஆம்பியர் கேட்கும். ஒற்றை இழையால் அதைக் கொடுக்க முடியாது. சுமை ஏற்றினால்தான் பலவீனம் தெரியும். அந்தச் சுமையைப் பல்பு கொஞ்சமாவது ஏற்றுகிறது. அதன் வெளிச்சம் மங்கினாலே சந்தேகப்படலாம். மீட்டரே வேண்டும் என்பவர்கள் எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் காயில் முனைக்கும் இடையே அளந்தால், வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று தெரியும். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் ஏதோ ஓர் இணைப்பு தின்கிறது.

பாதி எது என்று தெரிந்தபின் கோளாறை வரவழைக்க வேண்டும். அது வருவதற்கு அதிர்வு, சூடு, ஈரம் என்ற மூன்றில் ஒன்று தேவை. அதிர்வு என்றால், விளக்கைப் போட்டு ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பார்க்கலாம். ஸ்டியரிங் தலையில் வளைந்து வளைந்து தேய்ந்த ஒயர் அங்கேயே காட்டிக்கொடுக்கும். எஞ்சின் ஓடும்போது சாவியை லேசாக ஆட்டினால் தேய்ந்த சுவிட்ச் மாட்டும். கண்ணாடிக் குழாய் பியூஸ் பார்க்க முழுதாக இருக்கும், அதைப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பேட்டரியின் எர்த் ஒயர் சேஸிஸில் பெயின்ட் மேலேயே முடுக்கப்பட்டிருக்கும். புதிதாகப் பெயின்ட் அடித்து மெருகேற்றிய வண்டிகளுக்கே இந்த வியாதி அதிகம். உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டினால் தீர்ந்தது.

சூடு தந்திரமானது. காயிலின் உள்சுருளோ கண்டன்ஸரோ சூட்டில் கெட்டு, ஆறியதும் திருந்திவிடும். பாயின்ட் மூடியைத் திறந்தால், எரிந்து குழிவிழுந்த முகமும் பெரிய நீலப்பொறியும் கண்டன்ஸரைச் சுட்டும். பாயின்ட் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, 0.35 முதல் 0.40 வரை. அது சரியாக இருந்தும் சூடான வண்டி தவறினால், நல்லதென்று தெரிந்த ஒரு கண்டன்ஸரை மாற்றிப் பார்ப்பது மட்டுமே நம்பகமான சோதனை. ஈரத்துக்கு மணாலியிலேயே இருட்டில் பரீட்சை வைக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு பிளக் மூடி மீதும் தடித்த ஒயர் மீதும் தண்ணீர் தெளித்தால், கசியும் மின்சாரம் நீல நூலாக ஊர்வதைக் கண்ணால் காணலாம். கையால் தொடக் கூடாது. பனி உருகிச் சாலையின் குறுக்கே ஓடும் நாலாவில் முழங்கால் நீரில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடிப்பதைவிட இது மேல்.

கண்டுபிடித்த கோளாறை ஒயரை முறுக்கி டேப் சுற்றிச் சரிசெய்தால் பழைய கதை தொடரும். சூட்டில் டேப்பின் பசை உருகி வழியும். ஈயம் பற்றவைத்தால் அந்த இடம் விறைத்து, அதிர்வில் அதற்குப் பக்கத்தில் அறும். நல்ல முனைகளை இடுக்கியால் இறுக்கி, ஒயரை ஆடாமல் கட்டுவதே நீடிக்கிறது.

பாயின்டை எடுத்தெறிந்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னீஷன் போடலாமே என்ற யோசனையில் நியாயம் உண்டு. தேய்மானம் இல்லை, இடைவெளி பார்க்கும் வேலை இல்லை. நீண்ட தூரம் போகும் சிலர் இதற்கு ஒப்பாததற்கும் காரணம் உண்டு. தேய்ந்த பாயின்டை ஒரு சிறு அரத்தால் தேய்த்து அடுத்த ஊர் சேரலாம். செத்த பெட்டியைத் தேய்த்துப் பயனில்லை. பொறியே தேவைப்படாத டீசல் என்ஃபீல்டும் ஒரு காலத்தில் விற்பனையில் இருந்தது, ஆனால் அதன் வேகத்தில் கணவாய் ஏறுவது வேறு வகைப் பொறுமை.

பாயின்டோடு போகிறவர்கள் கையாளும் உபாயம் ஒன்று பழையது. சோதித்துப் பார்த்த இரண்டாவது கண்டன்ஸரையும் காயிலையும் பையில் வைக்காமல் டேங்க்குக்கு அடியில் சேஸிஸிலேயே முடுக்கிவிடுகிறார்கள், ஒயர் முனைகளோடு. முதலாவது காலைவாரினால், விரல் விறைக்கும் குளிரில் ஒரு முனையைக் கழற்றி இன்னொன்றில் மாட்டும் வேலை மட்டும்தான். அதற்குக் கையுறையைக்கூட ஒரு கையில்தான் கழற்ற வேண்டியிருக்கும்.