வட்டும் உரிமமும்

விலைக்கு வாங்கிய நூலை எம்மேசையில் வைத்துப் படித்தாலும் பதிப்பாளர் தடுப்பதில்லை. கணிப்பொறியின் இயங்குதளமும் அத்தகையதே என்று ஆசிரியனாகிய நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அமெரிக்க வழக்கொன்று அவ்வெண்ணத்தைத் திருத்திற்று.

ஃபுளோரிடாவின் சைஸ்டார் நிறுவனம், ஆப்பிளின் மேக் இயங்குதளத்தைத் தான் அமைத்த கணிப்பொறிகளில் பதித்து 2008இல் விற்கத் தொடங்கியது. விலைக்கு வாங்கிய வட்டொன்றையும் ஒவ்வொரு பொறியுடனும் சேர்த்து அளித்தது. ஆயினும், ஆப்பிள் கணிப்பொறியில் மட்டுமே நிறுவலாம் என்பது உரிம நிபந்தனை. மேலும், பொறியில் பதிந்திருந்தது அவ்வட்டிலிருந்து எடுத்ததன்று. வேறொரு மூலப்படியைத் திருத்தி எடுத்த நகல்.

2009இல் கலிஃபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம் இதனைப் பதிப்புரிமை மீறல் என்றது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாறே கொண்டது. வட்டு வாங்கியவருக்கு உரியது. மென்பொருளோ ஆப்பிளுக்கே உரியது. வாங்கியவர் பெற்றது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே.

ஆகவே அன்பர்களே, 'ஒப்புகின்றேன்' என்று இசையுமுன் நிபந்தனையைப் படியுங்கள். வினாவைப் படியாது விடை எழுதிய மாணவன் தேறியதை நான் கண்டதில்லை.